டிவியைப் போட்டதும் அந்தச் சேனல் ஏன் வருகிறது?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது. செட்டாப் பெட்டியை ஆன் செய்தால் வீட்டில் யாரும் பார்க்காத ஒரு செய்திச் சேனல்தான் முதலில் வருகிறது. கைடு, அதாவது நிகழ்ச்சிப் பட்டியல், பட்டனை அழுத்தினால் பாதிச் சேனல்களுக்கு ‘தகவல் இல்லை’ என்று நிற்கிறது. அம்மா வீட்டில் ஒரு நம்பர், நம் வீட்டில் வேறு நம்பர். முன்பெல்லாம் கேபிள் வயரை டிவியின் முதுகில் சொருகினாலே படம் வந்ததே, இந்தப் பெட்டி யாருக்காக வந்தது?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னால் மற்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும். பெட்டி வந்தது உங்கள் வீட்டைக் கணக்கில் சேர்க்க. படம் தெளிவானது, கைடு வந்தது எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவை.

1990களின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் வடசென்னையில் ஒரு கேபிள் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவன் நான். கன்ட்ரோல் ரூம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மொட்டை மாடியில் மூன்று நான்கு டிஷ், பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை, உள்ளே இரும்பு ரேக். சேனலுக்கு ஒரு ரீசிவர், அதைத் தனி அலைவரிசையில் ஏற்ற ஒரு மாடுலேட்டர். எல்லாவற்றையும் ஒரே வயரில் கலந்து தெருவுக்கு அனுப்புவோம். தூரம் போகப் போக சிக்னல் செத்துவிடும் என்பதால் நடுநடுவே ஆம்ப்ளிஃபையர். அதற்கு கரண்ட் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து. பதிலுக்கு அந்த வீட்டுக்கு கேபிள் இலவசம். அவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போனால் அதற்குப் பின்னால் இருக்கும் தெரு முழுக்க மழைப் புள்ளிதான்.

அந்தக் காலத்து டிவிகள் நினைவிருக்கிறதா? சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா எல்லாம். முன்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்னத் திருகிகள். அவற்றைத் திருகித்தான் ஒவ்வொரு சேனலையும் பிடிக்க வேண்டும். பழைய செட்டுகள் வி.எச்.எஃப். பேண்டு மட்டுமே எடுக்கும். கீழே 2, 3, 4, மேலே 5 முதல் 12 வரை. ஆக மொத்தம் பதினொரு இடம். 1991-இல் ஸ்டார், 1992-இல் ஜீ, 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி என்று சேனல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பதினொன்றில் எல்லாரையும் எப்படி உட்காரவைப்பது? மிச்சத்தை எஸ் பேண்டு, ஹைப்பர் பேண்டு என்று மேலே தள்ளினோம். புது டிவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அவை தெரியும். கீழே இருந்த அந்த இடங்களுக்கு எங்கள் தொழிலில் ‘பிரைம் பேண்டு’ என்று பெயர்.

இந்தக் கதை முழுக்கப் பிரைம் பேண்டிலிருந்துதான் தொடங்குகிறது. எல்லா டிவியிலும் தெரியும் இடம் கொஞ்சம்தான் என்றால் அதற்கு விலை வந்துவிடும். சேனல்காரர்கள் பெரிய கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து அந்த இடத்தைப் பிடித்தார்கள். சேனலை ஏற்றிச் செல்வதற்குக் கேரேஜ் ஃபீஸ், நல்ல இடத்தில் வைப்பதற்கு பிளேஸ்மென்ட் ஃபீஸ் என்று சொல்வார்கள். பார்ப்பவர் பணம் கொடுக்கிறார், காட்டப்படுபவரும் பணம் கொடுக்கிறார். செட்டாப் பாக்ஸ் என்ற வார்த்தையே தெருவில் யாருக்கும் தெரியாத காலத்தில் நடந்தது இது.

அடுத்தது எங்கள் தரப்புத் தவறு. கட்டணச் சேனலுக்கு இணைப்பு எண்ணிக்கைப்படி பணம் கட்ட வேண்டும். எத்தனை இணைப்பு என்று எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வயர் எங்கே பிரிகிறது, எந்த வீட்டுக்குள் போகிறது என்பதெல்லாம் லைன்மேன் தலைக்குள் இருக்கும் வரைபடம். உண்மையான எண்ணிக்கையை எழுதிக் கொடுத்த ஒரு கேபிள்காரரையும் அன்று நான் பார்த்ததில்லை. பத்து வீட்டுக்கு ஒன்றிரண்டைக் கணக்கில் காட்டுவதுதான் வழக்கம். சேனல்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எண்ணிக்கை பொய் என்று தெரிந்ததும் விலையை ஏற்றினார்கள். நாங்கள் வீடுகளுக்கான கேபிள் கட்டணத்தை ஏற்றினோம். மாதாமாதம் சண்டை, வருடத்துக்கு இரண்டு முறை ‘இந்தச் சேனல் தற்காலிகமாகத் தெரியாது’ என்ற ஸ்லைடு.

இதைத் தீர்க்கத்தான் 2002 டிசம்பரில் கேபிள் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டணச் சேனல் வேண்டும் என்றால் பெட்டி வைக்க வேண்டும், பெட்டி இல்லாதவருக்கு இலவசச் சேனல்கள் மட்டும். கேஸ் (CAS, பணம் கட்டியவருக்கு மட்டும் சேனலைத் திறக்கும் முறை) என்று அழைக்கப்பட்ட திட்டம் இதுதான். நான்கு பெருநகரங்களுக்கு அறிவித்தார்கள். மற்ற இடங்களில் ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட, 2003 செப்டம்பர் 1 அன்று நிஜமாகவே நடந்த ஒரே நகரம் சென்னை. குறைந்தது முப்பது இலவசச் சேனல்களுக்கு வரி தவிர்த்து மாதம் 72 ரூபாய் என்று அரசு விலை வைத்தது.

அந்த முதல் வாரம் என் காது கிழிந்தது. இங்கிலீஷ் படம் போச்சு, கிரிக்கெட் போச்சு என்று போன். பெட்டி விலை சில ஆயிரம். ஒருவர் கேட்டார்: “தம்பி, டிவிக்கு மேல இன்னொரு டிவி வாங்கச் சொல்றீங்களா?” பெரும்பாலான வீடுகள் வாங்கவே இல்லை. இலவசத் தமிழ்ச் சேனல்கள் போதும் என்று இருந்துவிட்டார்கள், 72 ரூபாயும் பலருக்குப் பிடித்துப் போயிற்று. டெல்லி, மும்பை, கொல்கத்தாவின் சில பகுதிகளுக்கு இது 2006-இன் கடைசி நாளில், அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் போனது. அதற்குள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கட்டணச் சேனலுக்கு அதிகபட்சம் 5 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தது.

பெட்டி எப்படி எண்ணுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதை வெறும் ரீசிவர் என்று நினைக்கிறார்கள். படம் பூட்டப்பட்டுத்தான் வருகிறது. பூட்டைத் திறக்கும் சாவி சில விநாடிகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாவியும் அதே வயரில், இன்னொரு பூட்டுக்குள் வைத்துக் கூடவே வரும். அதைத் திறக்கும் உரிமை உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கார்டுக்கோ சிப்புக்கோ உண்டா இல்லையா என்று தனியாக ஒரு செய்தி வருகிறது. மாதப் பணம் கட்டியதும் ‘பெட்டியை ஆன் செய்து வையுங்கள், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்’ என்று சொல்வார்களே, அந்தச் செய்தி வந்து சேரக் காத்திருப்பதுதான். லட்சக்கணக்கான பெட்டிகளுக்கு ஒரே வயரில் முறை வைத்து அனுப்புகிறார்கள். அணைத்து வைத்த பெட்டி தன் முறையைத் தவறவிட்டுவிடும்.

படம் பார்க்கும்போது திடீரென்று திரையில் எங்கோ ஒரு மூலையில் நீளமான ஒரு எண் தோன்றி மறையும். என்ன கோளாறு என்று கேட்டு எனக்கு எத்தனையோ போன் வந்திருக்கிறது. கோளாறில்லை. அது உங்கள் கார்டின் எண். யாராவது திரையைப் பதிவு செய்து திருட்டுத்தனமாக வெளியிட்டால் எந்த வீட்டுப் பெட்டி என்று கண்டுபிடிக்க வைத்தது. கைரேகை என்றே அதற்குப் பெயர். பெட்டி யாருக்காக வந்தது என்று கேட்டீர்களே, இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

கைடு வீட்டுக்குள் வந்தது கேபிள் வழியாக அல்ல, டிஷ் வழியாக. 2003 அக்டோபரில் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத டிடி டைரக்ட் பிளஸ், 2006 ஆகஸ்டில் டாடா ஸ்கை. அதற்கு அடுத்த ஆண்டின் முடிவில் சன் டைரக்ட் படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்பெக்-4 முறையோடு இறங்கியது. மற்றவர்கள் அதற்கு முந்தைய எம்பெக்-2-இல் இருந்தார்கள். அதே அகலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சேனல் அனுப்பலாம் என்பதுதான் வித்தியாசம். டாடா ஸ்கையின் நீலக் கைடை முதன்முதலில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பார்த்தபோது எங்கள் தொழில் முடிந்தது என்று நினைத்தேன். ஓடுகிற படத்துக்குக் கீழே பட்டை, அதில் நிகழ்ச்சிப் பெயர், எப்போது முடியும், அடுத்து என்ன, நாளைக்கு என்ன. எங்களிடம் இருந்ததோ லைன்மேன் வீடு வீடாகக் கொடுத்த ஜெராக்ஸ் தாள், அதுவும் பாதி தப்பு.

அமெரிக்காவில் இந்த வேலையை 1980களில் ஒரு தனிச் சேனலே செய்தது. பிரெவ்யூ கைடு என்று பெயர். பட்டியல் கீழிருந்து மேலாக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் தேடும் சேனல் தாண்டிப் போய்விட்டால் ஒரு சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு கேபிள் நிலையத்திலும் ஒரு அமிகா கம்ப்யூட்டர் அதை ஓட்டியது. சில நேரம் அது மயங்கி விழுந்து, அதன் பிழைச் செய்தியே ஊர் முழுக்க டிவியில் ஓடும். பிறகு பெட்டிக்குள்ளேயே கட்டம் போட்ட கைடு வந்தபோது ஜெம்ஸ்டார் என்ற நிறுவனம் அதன் காப்புரிமைகள் தன்னிடம் இருக்கின்றன என்று பெட்டி தயாரிப்பாளர்கள் மேல் வழக்குப் போட்டது. அதே நிறுவனம் 2000-இல் டிவி கைடு பத்திரிகையையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2002-இல் அங்குள்ள சர்வதேச வர்த்தக ஆணையத்தில் அது தோற்றது. ஒரு அட்டவணைக்கு இத்தனை சண்டையா என்று தோன்றலாம். அட்டவணையை வைத்திருப்பவன்தான் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் ‘தகவல் இல்லை’. படத்தோடு கூடவே சின்னச் சின்ன அட்டவணைகளும் சிக்னலில் வருகின்றன. எந்தச் சேனல் எங்கே இருக்கிறது என்று ஒன்று, அதன் பெயர் என்ன என்று ஒன்று, இப்போது என்ன அடுத்து என்ன என்று ஒன்று, வரும் நாட்களுக்கு இன்னொன்று. கடைசி இரண்டும் யாராவது உட்கார்ந்து தயாரித்தால்தான் நிரம்பும். சேனல் தன் வாராந்தரப் பட்டியலை அனுப்ப வேண்டும், அதை ஒரு நிறுவனம் வாங்கி ஒழுங்குபடுத்த வேண்டும், பெட்டிக்காரர் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்தியாவில் வாட்ஸ் ஆன் என்ற நிறுவனம் இதையே தொழிலாகச் செய்தது, பின்னால் கிரேஸ்நோட் அதை வாங்கிவிட்டது. பெரிய டிஷ் நிறுவனங்கள் இதற்குச் செலவு செய்கின்றன. சின்ன கேபிள் நிறுவனங்கள் பலவும் செய்வதில்லை, ஏனென்றால் கைடு காலியாக இருக்கிறது என்று யாரும் இணைப்பைத் துண்டிப்பதில்லை. உள்ளூர்ச் சேனல்களின் நிலை இன்னும் மோசம், அடுத்த மணி நேரம் என்ன படம் என்பது அங்கே டேப் போடுகிறவருக்கே அப்போதுதான் தெரியும். தமிழ் நிகழ்ச்சிகளின் பெயர்கள் பல பெட்டிகளில் ஆங்கில எழுத்தில்தான் வருகின்றன. இது எனக்குத் தீராத எரிச்சல். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஆளுக்குத்தானே கைடு அதிகம் தேவை?

கேபிளுக்கு டிஜிட்டல் கட்டாயமானது 2011 சட்டத் திருத்தத்தால். பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, அடுத்த கட்டமாக கோவை உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31, பிறகு மற்ற ஊர்கள், கடைசியில் கிராமங்கள் என்று தேதி குறித்தார்கள். இங்கே ஒரு வேடிக்கை. 2003-இல் நாட்டிலேயே முதலில் பெட்டி வைத்த சென்னை, இந்த முறை கடைசி வரிசையில் நின்றது. நீதிமன்ற வழக்குகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அரசு கேபிள். 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று மறுபடி தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைக்க 2017 ஆகிவிட்டது. அதே ஆண்டில்தான் இலவசமாகப் பெட்டி கொடுக்கத் தொடங்கினார்கள். டெல்லியில் அனலாக் மறந்துபோன பிறகும் ராயபுரத்தில் நான் மாடுலேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிஜிட்டல் வந்ததும் இட நெருக்கடி தீர்ந்துவிட்டது. ஒரு அனலாக் சேனல் போன அகலத்தில் பத்துக்கும் மேல் டிஜிட்டல் சேனல் போகும். எல்லா டிவியிலும் எல்லாம் தெரியும். பிரைம் பேண்டு செத்துப்போக வேண்டியதுதானே? சாகவில்லை. நம்பராக மறுபிறவி எடுத்தது.

முன்பு நம்பர் என்பது அலைவரிசை. இப்போது அது வெறும் பெயர்ப்பலகை, பெட்டிக்காரர் ஒரு அட்டவணையில் எழுதி அனுப்புவது. எல்.சி.என்., அதாவது லாஜிக்கல் சேனல் நம்பர், என்பார்கள். ஒரே சேனலுக்கு ஒருவர் 12 கொடுக்கலாம், இன்னொருவர் 812 கொடுக்கலாம், தொழில்நுட்ப ரீதியில் ஒரு தடையும் இல்லை. அம்மா வீட்டு நம்பர் வேறாக இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். மலேசியாவில் டிஷ் என்றாலே ஆஸ்ட்ரோ என்று பல ஆண்டுகள் இருந்ததால் அங்குள்ள தமிழர்களுக்கு வானவில் 201, சன் டிவி 211 என்று நம்பரே சேனலின் பெயராகிவிட்டது. இங்கே தெருவுக்கு ஒரு பெட்டி.

ரிமோட்டில் மேல் அம்பை அழுத்திக்கொண்டே போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அதனால் அதிகம் பார்க்கும் சேனலுக்குப் பக்கத்து நம்பருக்கு மவுசு. சில சேனல்கள் ஒரே பெட்டியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தன. செய்திப் பிரிவில் ஒன்று, பாட்டுச் சேனல்களுக்கு நடுவில் இன்னொன்று. 2017-இல் டிராய் கொண்டுவந்த விதிமுறை இதற்குக் கடிவாளம் போட்டது. சேனல்கள் ஒன்பது வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிவிக்க வேண்டும். ஒரே வகைச் சேனல்கள் அடுத்தடுத்து வர வேண்டும், வகைக்குள் ஒரே மொழிச் சேனல்கள் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு சேனல் ஒரே இடத்தில்தான். கொடுத்த நம்பரை ஓராண்டுக்கு மாற்றக் கூடாது. சாதாரணச் சேனலுக்குக் கேரேஜ் ஃபீஸ் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 20 காசைத் தாண்டக் கூடாது, எச்டி என்றால் 40 காசு என்று அப்போது வரம்பு வைத்தார்கள்.

நல்ல விதி. ஆனால் அது பட்டியலுக்கான விதி. பட்டியலைத் திறப்பதற்கு முன்பே ஒரு நொடி இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். பெட்டி உயிர்பெற்றதும் ஏதாவது ஒரு சேனலில் நின்றாக வேண்டும். கடைசியாகப் பார்த்த சேனலில் நிறுத்துவது இந்தக் காலத்தில் ஒரு வேலையே இல்லை. அதைச் செய்யாமல் அந்த முதல் இடத்தை விற்கிறார்கள். லேண்டிங் பேஜ் என்று பெயர். வாங்குபவர்கள் பெரும்பாலும் செய்திச் சேனல்கள், ஏனென்றால் டி.ஆர்.பி. என்னும் பார்வையாளர் கணக்கில் நூலிழை வித்தியாசம்தான் அவர்களுக்கு விளம்பரப் பணம். பார்வையாளர் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் கருவி, சேனலின் ஒலியில் ஒளித்துவைத்த ஒரு குறியைக் கேட்டு எந்தச் சேனல் ஓடுகிறது என்று தெரிந்துகொள்கிறது. நீங்கள் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா, உண்மையிலேயே பார்க்கிறீர்களா என்பது அதற்கு எப்படித் தெரியும்? 2018 டிசம்பரில் டிராய் இதைத் தடுத்து ஓர் உத்தரவு போட்டது. 2019 மே மாதம் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால்தான் உங்கள் வீட்டில் காலையில் அந்த ஆள் கத்திக்கொண்டு வந்து நிற்கிறார்.

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இதில் ஒரு வகையில் நேர்மையானது. தன் பெட்டியில் இடத்தைத் தனியார் சேனல்களுக்கு வெளிப்படையாக ஏலம் விடுகிறது. கோடிக்கணக்கில் போகிறது.

2019-இல் சேனலைத் தேர்ந்தெடுத்துக் காசு கொடுக்கும் முறை வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பட்டிருக்கிறோம். அப்போது முதல் நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. கைடில் சேனல் பெயருக்குப் பக்கத்தில் விலையும் வந்து உட்கார்ந்தது. மளிகைக் கடைப் பட்டியல் மாதிரி. இலவசம் எது, கட்டணம் எது என்று பார்க்கிறவருக்கு முதல் முறையாகத் தெரிந்தது என்பதை மட்டும் அதன் நன்மையாகச் சொல்வேன்.

பெட்டியை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முடியுமா என்றும் சிலர் கேட்பார்கள். செல்போனில் சிம் மாற்றுவது போல. டிஷ் உரிம நிபந்தனையிலேயே அது இருந்தது, பெட்டியில் வேறு நிறுவனத்தின் பூட்டுத் திறக்கும் அட்டையைச் செருக இடம் வைக்க வேண்டும் என்று. அந்த அட்டையின் விலையில் புதுப் பெட்டியே கிடைக்கும் என்பதால் யாரும் சீண்டவில்லை. 2020 ஏப்ரலில் டிராய் மறுபடி பரிந்துரைத்தது. என் வீட்டுப் பரணில் மூன்று நிறுவனங்களின் செத்த பெட்டிகள் கிடக்கின்றன.

இப்போது பெட்டியே ஆண்ட்ராய்டாகிவிட்டது. கைடுக்குப் பதில் படங்கள் வரிசையாக நிற்கும் முகப்புத் திரை. முதல் வரிசையில் எது வரும் என்பதும் பேரம், ரிமோட்டில் அச்சடித்த ஓடிடி பட்டன்களும் பேரம். பழைய ரிமோட்டில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு பட்டன் இருந்ததே, அவை ஐரோப்பாவில் டிவித் திரையில் எழுத்தாகத் தகவல் காட்டிய டெலிடெக்ஸ்ட் காலத்திலிருந்து வந்தவை. எந்த நிறுவனத்தின் பெயரும் அவற்றில் எழுதியிருக்கவில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பெரும்பாலான பெட்டிகளில் ‘ஃபேவரிட்’ பட்டியல் உண்டு. வீட்டில் பார்க்கும் பதினைந்து இருபது சேனலை அதில் போட்டுவிட்டால் மேல் அம்பு அதற்குள்ளேயே சுற்றும், யாருடைய வரிசையும் உங்களைத் தொடாது. சேனல் கட்டணம், உங்கள் நிறுவனத்தின் தொடர்பு எண் எல்லாம் 999-ஆம் சேனலில் வர வேண்டும் என்று விதி இருக்கிறது, அங்கே பாருங்கள். கைடு காலியாக இருந்தால் ஒரு முறை பெட்டியை முழுதாக அணைத்துப் போட்டு அரைமணி நேரம் ஓடவிடுங்கள், அட்டவணை நிரம்ப நேரம் எடுக்கும். அப்படியும் காலி என்றால் உங்கள் நிறுவனம் அந்தத் தகவலை அனுப்பவில்லை என்று பொருள், பெட்டியை மாற்றிப் பயனில்லை.

அந்த முதல் சேனலுக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. அம்மாவுக்கு நான் செய்து கொடுத்தது, ரிமோட்டின் பின்னால் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அவர் பார்க்கும் நான்கு சேனல்களின் நம்பரைப் பேனாவால் எழுதிவைத்ததுதான். ஓராண்டு கழித்து நம்பர் மாறினால் பிளாஸ்திரியை மாற்றுகிறேன்.